ஊடகத்தில் தேடும் புரதம்

சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்க்கும் ஆய்வகங்களில், செல்கள் எவ்வளவு பெருகின என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. எனக்கு நாளடைவில் அவை வெளியே சுரக்கும் புரதங்களின் மீதே ஆர்வம் மிகுந்தது. திசுவில் செல்களைச் சூழ்ந்து தாங்கும் எக்ஸ்ட்ராசெல்லுலர் மேட்ரிக்ஸில் சேரும் ஃபிபுலின்-1 அவற்றில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள சினைப்பைப் புற்றுநோய்ச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்றான ஈஸ்ட்ரடையால் பட்டதும் இதைக் கூடுதலாகச் சுரக்கின்றன என்று ஆய்வாளர் ஆன்றி ரோஷ்ஃபோர் இடம்பெற்ற குழு 1996இல் தெரிவித்தது.

இதைச் செய்து காட்டுவதில்தான் சிக்கல்கள் எல்லாம். ஒப்பீட்டுக்கான செல்களுக்கு ஹார்மோன் சிறிதும் எட்டக்கூடாது. ஆனால் செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவமான ஊடகத்தில் கலக்கும் கன்றின் சீரத்திலேயே (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, ஊடகத்துக்குச் செந்நிறம் தரும் ஃபீனால் ரெட்டும் வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜனாகச் செயல்படுவதாக 1986இல் தெரியவந்தது. (அதற்குக் காரணம் சாயத்தில் கலந்திருந்த மாசு என்பது பிறகு புலப்பட்டது.) எனவே சாயமற்ற ஊடகத்திலும், கரித்தூளால் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டுகளை அகற்றிய சீரத்திலும் செல்களைச் சில நாள் வைத்திருந்த பின்பே ஈஸ்ட்ரடையால் சேர்க்கிறோம்.

கரித்தூள் ஸ்டீராய்டுகளை அகற்றுமே தவிரப் புரதங்களை அகற்றாது. ஃபிபுலின்-1 இரத்தத்திலும் ஓடும் புரதம் என்பதால், சீரம் கலந்த ஊடகத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (குறிப்பிட்ட புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டினால், நாம் காணும் பட்டை செல் சுரந்ததா, கன்றிடமிருந்து வந்ததா என்ற ஐயம் எழும். ஆகவே புரதம் சேகரிக்கும் கட்டத்தில் சீரத்தை முற்றிலும் நிறுத்திவிடுவது நல்லது.

அடுத்தது அளவை எதனோடு ஒப்பிடுவது என்பது. வழக்கமாக ஒப்பீட்டுக்குக் கொள்ளும் ஆக்டின் செல்லுக்குள் இருக்கும் புரதம் என்பதால் இங்கே உதவாது; அது ஊடகத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் செல்கள் சிதைந்திருக்கின்றன என்றே பொருள். புதிதாகச் சேரும் மாணவர்கள் கருமையான பட்டையைக் காட்டி மகிழும்போது, அந்தக் கிண்ணத்தில் எத்தனை செல்கள் இருந்தன என்று கேட்பது என் வழக்கம். ஈஸ்ட்ரடையால் செல்களைப் பெருக்கவும் கூடும் என்பதால், கூடியது ஒவ்வொரு செல்லின் சுரப்பா, செல்களின் எண்ணிக்கையா என்பது செல்களின் எண்ணிக்கையைக் காட்டும் டிஎன்ஏ அளவால் வகுத்த பிறகே தெரியும்.

ஒரு புரதம் கட்டியில் மிகுந்திருப்பதாலேயே அது கட்டியை வளர்க்கிறது என்று எழுதிவிடும் அவசரம் எனக்கு உடன்பாடில்லை. மேட்ரிக்ஸின் இன்னொரு புரதமான ஃபைப்ரோனெக்டின் பூசிய பரப்பில் செல்கள் நகர்வதை ஃபிபுலின்-1 தடுப்பதாகவும் ஆய்வுகள் உண்டு.