அரிதா நாட்குறிப்பு: வெள்ளைக்கு எந்த வெளிச்சம்?

பிப்ரவரி 9

அரிதா வந்தாயிற்று. ஜப்பானின் கியூஷுத் தீவு, சாகா மாநிலம். பீங்கான் சூளை நடத்தும் குடும்பம் ஒன்று தன் பழைய சரக்கறையைக் காட்சிக்கூடமாக மாற்றித் தரச் சொல்லியிருக்கிறது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை இங்கே பீங்கான் சந்தை. அதற்குள் கதவு திறந்தாக வேண்டும்.

அலுவலகம் கொடுத்தனுப்பிய முதல் வரைவில் சுவரெல்லாம் நீலப் பூவேலை. தட்டில் இருக்கிற பூவைச் சுவரிலும் ஏற்றிவிட்டால் தட்டை யார் பார்ப்பார்கள்? நான் அதை எடுத்து வைத்துவிட்டேன். கூடத்துக்குள் வர வேண்டியது இவர்கள் வேலை செய்யும் விதம்.

பிப்ரவரி 10

காலையில் இசுமியாமா. 1616-ல் கொரியக் குயவர் யி சாம்-பியோங், அரைத்துப் பீங்கான் மண்ணாக்கும் கல்லைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் இடம் இதுதான். ஜப்பானின் பீங்கான் வரலாறே இங்கிருந்துதான் தொடங்குகிறது. வெட்டி வெட்டி, மலை இருந்த இடம் பெரும் பள்ளமாகிக் கிடக்கிறது. இப்போது கல் பெரும்பாலும் குமாமோட்டோ மாநிலத்து அமாகுசாவிலிருந்து வருகிறது.

திரும்பும் வழியில் டொன்பாய் சுவர்கள். பிரித்துப்போட்ட பழைய சூளைகளின் செங்கற்களைச் செம்மண் வைத்துக் கட்டியவை. தீ பட்ட முகம் கண்ணாடி போல உருகி, பச்சையும் பழுப்புமாக மின்னுகிறது. கூடத்தின் பின்சுவருக்கு நிறம் கிடைத்துவிட்டது: மங்கிய செம்மண் பூச்சு. வெள்ளைப் பீங்கானை வெள்ளைச் சுவரின் முன்னால் வைத்தால் அதன் விளிம்பே காணாமல் போகும்.

பிப்ரவரி 14

ஓவியக்கூடத்திலேயே பொழுது போயிற்று. கோட்டுக்கு மெல்லிய தூரிகை. கோட்டுக்குள் நீலம் நிரப்புவது தனி வேலை, அதற்குப் பெயர் டாமி. கட்டைவிரல் தடிமனுக்கும் மேலான தூரிகை, நிறையக் கோபால்ட் நீர். டாமி போடும் அம்மா தூரிகையை லேசாகப் பிழிகிறார், நுனியில் ஒரு துளி திரள்கிறது. தூரிகை தட்டில் பட்டும் படாமலும் நகர, துளி மட்டும் கூடவே ஓடுகிறது. ஒருமுறை மட்டும் சுட்ட மண் நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். கை நின்றால் திட்டு விழுந்துவிடும். இப்போது சாம்பல் நிறமாகத் தெரிவது, கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் சுமார் 1300 டிகிரியில் வெந்த பிறகுதான் நீலமாகும்.

இவர்கள் ஜன்னல் பக்கத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வரைகிறார்கள். கூடத்திலும் அப்படியே வேண்டும். உச்சியிலிருந்து ஸ்பாட் லைட் அடித்தால் பூச்சின் மேல் வெறும் பளபளப்புத்தான் மிஞ்சும்.

மார்ச் 3

விளக்குச் சோதனை. 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் அரிதாவின் வெள்ளை செத்துப்போகிறது (கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சத்தில் மஞ்சள் குறையும்). அந்த வெள்ளைக்குள் இழையோடும் மெல்லிய நீலம்தான் அதன் உயிர். 4000-க்கு ஏற்றியதும் திரும்பி வந்தது. ஆனால் அரிதாவின் ககியேமோன் குயவர் குடும்ப மரபில் வரும் நிகோஷிதே வகைப் பீங்கான் அரிசி கழுவிய நீர் மாதிரி இளஞ்சூடான வெள்ளை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. அதற்குத் தனி மாடம், 3500.

மார்ச் 12

இன்று சூளைக்காரரோடு சின்ன விவாதம். சூளையில் அடுக்கும்போது ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அடியில் அதே மண்ணில் செய்த ஒரு வில்லை வைப்பார்கள். ஹமா என்று பெயர். நெருப்பில் மண் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும். கீழே இருப்பதும் கூடவே சுருங்கினால்தான் கிண்ணத்தின் பாதம் இழுபட்டுக் கோணாது. ஒரு தடவை சுட்டதும் அதன் வேலை முடிந்தது, குப்பைக்குப் போய்விடும்.

கிண்ணங்களின் பக்கத்தில் ஹமாவையும் வைக்கலாம் என்றேன். “கழிவை விருந்தாளி கண்ணில் காட்டுவதா?” என்று அவர் தயங்கினார். நான் விடவில்லை. இத்தனை நேரான பாதம் எப்படி வந்தது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கப் பலகை எனக்குத் தெரியாது. கடைசியில் டாமி போடும் அம்மாதான், “வையுங்களேன், நானே நல்லதாகப் பொறுக்கித் தருகிறேன்” என்றார். சூளைக்காரரும் சம்மதித்தார்.

மார்ச் 20

அலமாரி உயரம் முடிவாயிற்று: 72 சென்டிமீட்டர், கண்ணாடி கிடையாது. இங்கே கிண்ணத்தைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாதத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நிலநடுக்கத்துக்காக முன்விளிம்பு ஒரு சென்டிமீட்டர் மேலெழும். பலகையின் மேல் கம்பளித் துணி. தச்சர் திங்கட்கிழமை வருகிறார். மேற்கு ஜன்னலுக்குக் காகிதச் சட்டம் ஒற்றையா இரட்டையா என்பதை, அவர் வருவதற்குள் மாலை வெயிலில் நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.