பத்தமடைப் பாய் வாங்கியாச்சு

நேத்து வெயில் தாழ்ந்ததும் எங்க ஊர் கோடைக் கைவினைச் சந்தைக்குப் போனோம். மானாமதுரைப் பானை, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, செட்டிநாட்டுக் கொட்டான் (ஓலைக் கூடை) எல்லாம் வந்திருந்தது. நான் நின்னது திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்கார அம்மாவோட பாய்க் கடையிலதான், முக்கால் மணி நேரம்!

பட்டு மாதிரி மெல்லிசா இருக்கிறதால 'பட்டுப் பாய்'னு சொல்ற கோரைப் பாய் ஒண்ணை மடிச்சுக் கையில குடுத்து, "தொட்டுப் பாரும்மா"ன்னாங்க. துணி மாதிரி மடங்குது. பச்சைக் கோரையை அறுத்து, கீறிக் காயவச்சு, ஓடுற தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டு, மறுபடி காயவச்சு, அப்புறம் மெல்லிசா இழை எடுப்பாங்களாம். பாவுக்கு, அதாவது நெசவுல நீளவாக்குல ஓடுற இழைக்கு, பருத்தி நூல். பேசிக்கிட்டே இருந்தவங்க கட்டைவிரலைப் பார்த்தேன். ஓரமெல்லாம் கோரை கீறின கோடு. 2013-லயே புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருள்னு சட்டப்படி தர்ற அடையாளம்) வாங்கின பாய் இது.

பேரம் பேச மனசே வரலை. கேட்ட விலையைக் குடுத்துட்டேன்.

எங்க ஆச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்டு நெய்த பாய் ஒண்ணு பரண்ல இருந்துச்சு. வீடு மாறினப்போ தொலைஞ்சுபோச்சு. அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறலை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சந்தை இருக்கு. போறவங்க வலது வரிசையில கடைசிக் கடையை விட்டுடாதீங்க.