பூச்சுக்கு முன் பிரஷர் டெஸ்ட்: பிளம்பராகப் பெயர் எடுக்க

ஹெல்பராகச் சேரப்போகும் மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சுவரைப் பூசும் முன்னாடி லைனை டெஸ்ட் பண்ணுவீங்களா?" கைப் பம்பும் பிரஷர் கேஜும் வைத்திருப்பவர் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அவரிடமே சேருங்கள். பைப் ஒட்ட ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஒட்டியது நிற்குமா என்று பார்க்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வர வேண்டும்.

டெஸ்டுக்கு எல்லா வாய்களையும் பிளக் போட்டு அடைத்து, தண்ணீரைக் கீழிருந்து ஏற்றி, உச்சியில் இருக்கும் வாய் வழியாகக் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் கேஜ் முள் ஏமாற்றும். வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரமாவது முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பைப் ஒட்டும் பசையான சொல்யூஷன் காய்வதற்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடிவதற்குள் ஏற்றக் கூடாது. குளிரிலும் பெரிய பைப்பிலும் அது கூடுதலாகும். பிளாஸ்டிக் லைனை கம்ப்ரசர் காற்றால் டெஸ்ட் செய்யவே வேண்டாம். வெடித்தால் துண்டுகள் ஆள் மேல் பாயும்.

வேலைக்கு எடுக்கும் முன் பெரும்பாலும் ஒரு ஜாயின்ட் போடச் சொல்வார்கள். பைப்பை நேராக வெட்டி, உள்ளும் வெளியும் பிசிரை எடுங்கள். வெளிப்பிசிர் சாக்கெட்டில், அதாவது பைப் நுழையும் வாயில், தடவிய சொல்யூஷனை வழித்துக்கொண்டு போகும். உள்பிசிரில் குப்பை சிக்கும். நுழையும் ஆழத்தைக் கோடு போட்டுக்கொண்டு, பைப்பில் தாராளமாகவும் சாக்கெட்டில் மெல்லியதாகவும் தடவி, கால் சுற்று திருப்பி நுழைத்து 30 விநாடி பிடியுங்கள். சி.பி.வி.சி. (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) சாக்கெட் உள்ளே போகப் போகக் குறுகும். உடனே கையை எடுத்தால் பைப் பின்னால் தள்ளி வந்துவிடும். இந்த 30 விநாடி பொறுக்காத ஆளை அனுபவமுள்ள மேஸ்திரி அங்கேயே கண்டுகொள்வார்.

மறை (திருகி முறுக்கும்) ஜாயின்டில் டெஃப்லான் டேப்பை, மறையின் வாய் உங்களைப் பார்க்க, கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் உள்மறையில் ரெஞ்ச் போட்டு அழுத்தி முறுக்குவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அன்றைக்கு ஒழுகாது; சில மாதம் கழித்து விரிசல் விடும்.

புதுக் கட்டட வேலை கை வேகத்தைத் தரும். சர்வீஸ் வேலைக்குக் காரணம் கண்டுபிடிக்கும் மூளை வேண்டும், நிலையான வருமானமும் அங்கேதான். ஷவரில் தண்ணீர் மெலிவாக வருகிறது என்றால் உடனே ஷவரை மாற்றாதீர்கள். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், எந்த ஷவர் போட்டாலும் அது ஏறாது. குளியலறையில் நாற்றம் என்றால் முதலில் ட்ராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். புழங்காத அறையில் அது காய்ந்து போயிருக்கும். புழங்கும் அறையிலும் காய்ந்திருந்தால், வென்ட் (காற்றுக் குழாய்) இல்லாமல் பக்கத்து லைன் அதை உறிஞ்சுகிறதா என்று தேட வேண்டும். அதே அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் ரசமட்டத்தை வையுங்கள். சின்ன கழிவு பைப்புக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் (சரிவு) வேண்டும்.

தனியாக வேலை எடுக்கத் தொடங்கியதும் மதிப்பீட்டை எழுதியே கொடுங்கள். பொருளும் கூலியும் தனித்தனி வரியில் இருக்கட்டும். டைல்ஸ் உடைத்தால் திரும்ப ஒட்டுவது யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள், சண்டை பெரும்பாலும் அதில்தான் வருகிறது.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் விரித்து வைத்துப் படம் எடுத்து, பைப் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பல வருடம் கழித்து அலமாரி அடிக்க ஆணி இறக்கும் முன் அவர் அதைத்தான் தேடுவார். அந்தப் படத்தின் ஓரத்தில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும்.