பிலடெல்பியாவில் இரண்டு ராத்திரி

வெள்ளிக்கிழமை காலை 10.23-க்கு எடிசனில் எங்கள் வீடு ஆடியது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. நியூஜெர்சியில் நிலநடுக்கம், 4.8 அளவு என்று கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. விஷயம் தெரிந்ததும் என் மகள் கேட்ட முதல் கேள்வி: “அப்பா, பிலடெல்பியாவும் ஆடியிருக்குமா? நாளைக்கு ஷோ நடக்கும்தானே?”

அங்கேயும் ஆடித்தான் இருந்தது. ஷோவும் நடந்தது. 2024 ஏப்ரல் 6, 7 இரண்டு ராத்திரி, லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்ட் மைதானத்தில், டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தக் கம்பெனி வருஷா வருஷம் நடத்தும் பெரிய ஷோவான ரெஸில்மேனியா, நாற்பதாவது.

செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் நானும் தம்பியும் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய காலத்திலிருந்து இது என் ஆசை. உயரம், எடை, பைசெப்ஸ் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக் கார்டைப் பிடுங்கிக்கொள்கிற ஆட்டம். தம்பி அண்டர்டேக்கர் கார்டை மட்டும் ஆட்டத்தில் இறக்கவே மாட்டான். சட்டைப்பையிலேயே வைத்திருப்பான். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று பள்ளிக்கூடம் முழுக்க நம்பினோம். அந்தக் கார்டின் மூலை மழுங்கி, வியர்வையில் நனைந்து, முகமே தெரியாமல் போன பிறகும் தம்பி அதைத் தூக்கிப் போடவில்லை.

சனிக்கிழமை காலை எடிசனில் ரயிலேறி டிரென்டனில் பிலடெல்பியா போகும் செப்டா ரயிலுக்கு மாறினோம். டிரென்டன் பிளாட்பாரத்திலேயே தோளில் சாம்பியன் பெல்ட் போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் யாருக்கும் அறிமுகமில்லை. ஆனாலும் ஒருவர் “வோ... ஓ...” என்று மல்யுத்த வீரன் கோடி ரோட்ஸின் நுழைவுப் பாட்டை இழுத்தால் மற்ற எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பிலடெல்பியாவில் லிபர்ட்டி பெல்லையும் ராக்கி சிலையையும் வேகமாகப் பார்த்து முடித்தோம். எனக்கு முக்கியம் வேறு இடம். தெற்கு பிலடெல்பியாவில் ஐ-95 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஸ்வான்சன் தெருவும் ரிட்னர் தெருவும் சந்திக்கிற மூலையில் கிடங்கு மாதிரி ஒரு கட்டடம். ஒரு காலத்தில் பிங்கோ விளையாடிய கூடம். 90-களில் இ.சி.டபிள்யூ. என்ற சின்ன மல்யுத்தக் கம்பெனி இதற்குள்தான் மேஜைகளை உடைத்துக்கொண்டு, ரத்தம் சிந்திக்கொண்டு, பெரிய கம்பெனிகளுக்கே பாடம் எடுத்தது. 2001-ல் அது திவாலானது. அதை நடத்திய பால் ஹேமனை முந்தின நாள் ராத்திரிதான் இதே ஊரில் டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் சாதனையாளர் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருந்தார்கள். கட்டடத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, சொரசொரவென்று இருந்தது. மகள் படம் எடுத்துக் கொடுத்தாள். ரெஸில்மேனியாவுக்குப் பிலடெல்பியா போகிறவர்கள் இந்தச் சுவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் கட்சி.

சாயங்காலம் பிராட் ஸ்ட்ரீட் மெட்ரோவில் கடைசி நிறுத்தமான என்.ஆர்.ஜி. ஸ்டேஷனில் இறங்கினால், மைதானத்துக்கு வழி கேட்கவே வேண்டாம். கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். எங்களுக்கு மேல் அடுக்கில் இடம். ஏப்ரல் என்றாலும் அன்றைக்குக் காற்று எலும்பைத் துளைத்தது. அந்தக் குளிரில், அரைகுறை உடையில் ரியா ரிப்லியும் பெக்கி லின்ச்சும் முதல் ஆட்டம் ஆடினார்கள். ஆட்டமும் அருமை.

ஜிம்மி உசோ, ஜே உசோ மோதலைத்தான் நான் ரொம்ப எதிர்பார்த்தேன். ஒரே கருவில் பிறந்த இரட்டையர், மாதக்கணக்கில் வளர்த்த பகை. கடைசியில் இரண்டு பேரும் மாறி மாறி சூப்பர்கிக் உதைத்ததோடு முடிந்துபோனது. அவ்வளவு நல்ல கதைக்கு இப்படி ஒரு ஆட்டத்தைக் கொடுத்ததை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதல் ராத்திரிக்கு நான் கொடுத்த காசுக்கு ஈடு சாமி ஜெயின். எதிரே குந்தர். இன்டர்காண்டினென்டல் பெல்ட்டை 666 நாள் வைத்திருந்தவன், அந்தப் பட்டத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு நாள் வேறு யாரும் வைத்திருந்ததில்லை. சாமியின் மனைவி ரிங் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குந்தர் அவனைத் தூக்கித் தூக்கித் தரையில் அறைந்து, பவர்பாம்பாகப் போட்டுக் கிழித்தான். மூன்று எண்ணும் வரை தோள் தரையில் கிடந்தால் தோல்வி. ஒவ்வொரு தடவையும் சாமி தோளைத் தூக்கினான். “ஒன், டூ” வரைக்கும் மைதானமே எண்ணும், மூன்றாவது எண் வராதபோது ஒரு பெருமூச்சு எழும். மேல் அடுக்கில் அந்தப் பெருமூச்சு அலை மாதிரி ஏறி வரும். அதை டிவி காட்டாது. கடைசியில் மூலைக் கம்பத்தின் மேலேயே ஒரு பிரெய்ன்பஸ்டர் அடி, அப்புறம் சாமியின் முத்திரை உதையான ஹெலுவா கிக். முடிந்தது. மனைவியையும் மகனையும் சாமி கட்டிக்கொண்டபோது என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் ஐஸாக இருந்தது.

அன்றைக்குக் கடைசி ஆட்டத்தில் ஹாலிவுட் நடிகரான ராக்கும், கம்பெனியின் பெரிய பெல்ட்டை வைத்திருந்த ரோமன் ரெய்ன்ஸும் சேர்ந்து கோடியையும் சேத் ராலின்ஸையும் வென்றார்கள். மூன்று எண்ணும் வரை கோடியை அமுக்கிப் பிடித்தது ராக். அதனால் மறுநாள் கோடி, ரோமன் சண்டைக்கு எந்த விதியும் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றானது.

இந்தக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கோடியின் அப்பா டஸ்டி ரோட்ஸ், பிளம்பர் மகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு உழைப்பாளிகளின் நாயகனானவர். 1977-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை வென்றார். ஆனால் எதிராளி எண்ணி முடிப்பதற்குள் ரிங்குக்குத் திரும்பாத கவுன்ட் அவுட்டில் வென்றதால், இந்தக் கம்பெனியின் பெரிய பெல்ட் கைக்கு வரவில்லை. கடைசி வரைக்கும் வரவேயில்லை. 2015-ல் இறந்துவிட்டார். மகன் 2016-ல் டபிள்யூ.டபிள்யூ.இ.-யை விட்டே போய், வெளியே ஒரு புதுக் கம்பெனி உருவாக உழைத்து, 2022-ல் அந்த ஒரு பெல்ட்டுக்காகத் திரும்பி வந்தான். மார்புத் தசை கிழிந்து பாதி உடம்பு ஊதா நிறமாகக் கன்றிப் போன நிலையில் ஒரு கூண்டுச் சண்டை ஆடினான். 2023 ரெஸில்மேனியாவில் ரோமனிடம் தோற்றான். 2024 பிப்ரவரியில், ரோமனோடு மறுபடி மோத இருந்த அவன் இடத்தை ராக்குக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. போகிற இடமெல்லாம் கோடி வேண்டும் என்று கத்தினார்கள். ஒரே வாரத்தில் திட்டம் மாறியது. எழுதுகிறவர்கள் கையிலிருந்து கதையைப் பார்க்கிறவர்கள் வாங்கிக்கொண்ட வாரம் அது.

எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதானே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு செலவு என்று ஆபீஸில் கேட்டார்கள். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் வருஷா வருஷம் விழுவான். விழுவான் என்று தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். விழும்போது அழுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குளிர் கொஞ்சம் குறைந்திருந்தது. ட்ரூ மெக்கின்டயர் சேத்தை வென்று, அவன் வைத்திருந்த இன்னொரு உலகப் பட்டத்தை வாங்கினான். 2020-ல் கொரோனாவால் ஆளே இல்லாத கூடத்தில் ஜெயித்தவன், இப்போதுதான் கூட்டத்துக்கு முன்னால் ஜெயிக்கிறான். அந்தச் சந்தோஷம் ஆறு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. சி.எம். பங்க்கை வம்புக்கு இழுத்து அடி வாங்கினான், எப்போது வேண்டுமானாலும் பட்டத்துக்கு மோதலாம் என்ற ஒப்பந்தம் உள்ள பெட்டியோடு டேமியன் ப்ரீஸ்ட் ஓடிவந்து பட்டத்தைப் பறித்துக்கொண்டான். பெய்லி, இயோ ஸ்கை ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லாதது எனக்கு வருத்தம். சுத்தமான, நல்ல ஆட்டம்.

எங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், கறுப்புச் சட்டையில் மஞ்சள் புள்ளிகளோடு. 1989-லிருந்து 1991 வரை டஸ்டி இந்தக் கம்பெனியில் ஆடியபோது போட்ட உடை அது. சட்டை சாயம் போயிருந்தது, காலர் தையல் விட்டிருந்தது. சாயங்காலம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி ஆட்டத்தில் ஆள் மேல் ஆளாக வந்தார்கள். ரோமனுக்கு உதவ ஜிம்மி வந்தான், ஜே அவனை மேடையிலிருந்து தள்ளிக்கொண்டு விழுந்தான். சோலோ சிகோவா வந்தான், ஜான் சீனா ஓடிவந்து அவனைத் தூக்கி மேஜையில் அடித்தான். சீனாவை ராக் வீழ்த்தினான். அப்போது அந்த மணி அடித்தது. டிங்.

விளக்கெல்லாம் அணைந்தது. மறுபடி எரிந்தபோது ராக்கின் முதுகுக்குப் பின்னால் அண்டர்டேக்கர். கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஒரே அடி. மறுபடி இருட்டு. ஆளைக் காணோம். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. “அப்பா, நீங்க அழறீங்க” என்றாள் மகள்.

இத்தனை பேர் உள்ளே வந்தது அதிகம், ஆட்டமே கெட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவைப் பாருங்கள். சேத், ரோமனோடு ஒரு காலத்தில் சேர்ந்திருந்த ஷீல்ட் அணியின் பழைய உடையில் வந்து, அடி வாங்கி ரிங்குக்குள் கிடந்தான். ரோமன் கையில் நாற்காலி. கோடியை அடித்தால் ஜெயம். ஆனால் 2014-ல் இதே சேத் இதே மாதிரி நாற்காலியால் ரோமன் முதுகில் அடித்துத்தான் ஷீல்டை உடைத்தான். பத்து வருஷ வஞ்சம் ரோமன் கையைத் திருப்பிவிட்டது. சேத் முதுகில் அடித்தான். அந்த ஒரு அடிக்குள் கோடி எழுந்து தன் முத்திரை அடியான கிராஸ் ரோட்ஸை மூன்று முறை போட்டான். ரோமனின் 1,316 நாள் ஆட்சி முடிந்தது. இவ்வளவு பொறுமையாகப் பின்னிய முடிவை நான் இந்தத் துறையில் வேறு எங்கும் கண்டதில்லை.

வெற்றியை அறிவித்த சமந்தா இர்வினின் குரல் நடுவிலேயே உடைந்தது. அன்றைக்கு உள்ளே 72,755 பேர் என்று அறிவித்தார்கள். என் கண்ணில் பட்டது பக்கத்துப் பெரியவர் மட்டும்தான். எழுந்து நின்று, தையல் விட்ட காலரைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகக் கை தட்டிக்கொண்டே இருந்தார்.

என்.ஆர்.ஜி. ஸ்டேஷன் படிக்கட்டில் நகர முடியாமல் நின்றபோது போன் அடித்தது. தம்பி. அங்கே திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பாமல் சோனியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“அண்ணே, நேர்ல பாத்தியா?”

யாரை என்று நான் கேட்கவில்லை.

“பாத்தேன்டா.”

“எவ்ளோ உயரம்ணே?”

மேல் அடுக்கிலிருந்து சுண்டுவிரல் அளவுக்குத்தான் தெரிந்தான். “கார்டுல போட்டிருந்த அதே உயரம்தான்டா” என்றேன்.