கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கரையில்

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் திருப்பத்தூரைத் தாண்டியதும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தின் பலகையைப் பார்த்திருப்பார்கள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் எல்லாம் பார்த்து முடித்த களைப்பில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. கார்த்திகை, மார்கழியில் அந்தப் பக்கம் வந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். செட்டிநாட்டில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் உள்ள மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர், இவ்வளவுதான் சரணாலயம். எல்லாம் மழையை நம்பிய கண்மாய்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் உள்ளே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களின் அடி மூழ்கிவிடும். நாயோ பூனையோ மரத்தை நெருங்க முடியாது. நத்தைக்குத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் அந்த மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. நான் போனபோது ஒரே மரத்தில் மூன்று வகைக் கூடுகள் இருந்தன. குஞ்சுகளின் இரைச்சல் கரைக்கு வருமுன்பே காதை நிறைத்துவிட்டது.

தீபாவளிக்கு இந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை என்பது செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வருகிற விஷயம். நேரில் கேட்டபோதுதான் அதன் அகலம் புரிந்தது. கல்யாணம், கோயில் திருவிழா, சாவு என்று எதற்கும் வெடி கிடையாது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “சின்னப் பிள்ளைகள் அழமாட்டார்களா ஐயா?” என்றேன். “பேறுகாலத்துக்கு வந்த பொம்பளப் புள்ள வீட்ல இருக்கையில வாசல்ல வெடி போடுவோமா தம்பி?” என்று திருப்பிக் கேட்டார். தீபாவளிக்கு வனத்துறை ஊருக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் பறவைகளின் எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். பறவை தங்கினால் பயிருக்கும் நல்லது.

அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1977இல். ஊர் தன் கையைக் கட்டிக்கொண்டிராவிட்டால் அந்த அறிவிப்பு மட்டும் ஒரு கூட்டைக்கூடக் காப்பாற்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கரையில் நான் இருந்தவரை போலீஸ் யாரும் கண்ணில் படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்கிற கூச்சம்தான் அங்கே காவல்.

எல்லா இடத்திலும் அமைதியாக இருந்தால் போதாது. அங்கிருந்து அதே சாலையில் மேலூர்ப் பக்கம் போனால் அரிட்டாபட்டி. ஏழு மலைகள், அவற்றில் சுனைகள், லகார் வல்லூறு, தேவாங்கு, அழுங்கு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். இரண்டே ஆண்டில் அந்த இடத்தையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போயிற்று. அறிவிப்புப் பலகை அங்கேயும் இருந்ததே! கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஊர் ஊராகச் சேர்ந்து நடந்தார்கள். ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கடை அடைத்து, வேலைக்குப் போகாமல், கைப்பிள்ளையோடு நடந்த பெண்களின் வெற்றி அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அப்புறம் எங்கள் ஊர்க் கண்மாய். தேவகோட்டைப் பக்கம். அதற்குச் சரணாலயம், பாரம்பரியத் தலம் என்று எந்தப் பெயரும் இல்லை. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் யாரோ கட்டடக் கழிவைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள், மழை பெய்தாலும் தண்ணீர் வேறு பக்கம் ஓடுகிறது. அப்படியும் போன மழைக்கு நீர்க்காகங்களும் சில நத்தைக்குத்திகளும் வந்திருந்தன. செட்டிநாட்டில் இப்படிப் பெயரில்லாத கண்மாய்களும் ஊருணிகளும்தான் அதிகம். அங்கே பறவைக்காகப் பேச அந்த ஊர்க்காரரை விட்டால் ஆளில்லை.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அதில் ஒன்று. எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டு நகலும், வரத்துக்காலின் அளவுகளைக் காட்டும் புலப்படமும் எடுத்து வைத்திருக்கிறோம். கழிவை அள்ளி, கால்வாயை அளந்து கல் ஊன்ற வேண்டும் என்று தீர்மானம் எழுதியாயிற்று. எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அடுத்து மேலத்தெரு.