முறை வைத்து ஜெபிக்கிற வீடு

நவம்பர் 20, 2024, புதன்

புற்றுநோய்க்கான முதல் கீமோ இன்று முடிந்தது. வலது மார்பில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம் ஆகிறது. காலையில் தக்கலையில் பஸ் ஏறி நெய்யூர் மருத்துவமனைக்குப் போனோம். முதலில் வாந்தி வராமலிருக்க ஒரு ஊசி, பிறகு சிவப்பு மருந்து. நன்னாரி சர்பத்தை நினைவூட்டும் நிறம். நர்ஸ் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மிக மெதுவாக, இடது கையில் ஏற்றினார். வலது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் அந்தக் கையில் இனி ஊசியும் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கவும் கூடாது. நாளை வரை சிறுநீர் சிவப்பாகப் போகலாம், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னது நல்லதாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான் போனது.

என் மாமியாருக்கு நெய்யூர் என்றால் சாமர்வெல் துரைதான். அவரைப் பார்த்ததில்லை, தன் தாய் சொன்ன கதைகளைத் தானே கண்டதுபோல் சொல்வார். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய மருத்துவர் அவர். 1922 பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மருத்துவமனையின் கூட்டத்தைக் கண்டு இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். "அவர் உச்சியைத் தொடவில்லை மக்களே, திரும்பி நம்மிடம் வந்துவிட்டார்" என்று பஸ்ஸில் என் காதோரம் சொன்னார் மாமியார். அந்த நேரத்தில் எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்றை எழுதிவிட வேண்டும். கட்டியை நான் கண்டது ஜூன் மாதம். வலிக்கவில்லை. வலிக்காததால்தான் விட்டுவிட்டேன். பள்ளி திறக்கிற நேரம், சீருடைத் துணி தையல் மேசையில் மலைபோல் கிடந்தது. ஆகஸ்ட் கடைசியில்தான் காட்டினேன். இதை வாசிக்கிற பெண்கள் தயவுசெய்து வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நவம்பர் 27, புதன்

வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியின் சுவை. சாளைக் குழம்பின் மணம் எழும்பினால் குடல் புரளுகிறது. மீன் இல்லாமல் ஒரு வேளையும் சாப்பிடாத மாமியார், பின்கட்டில் மூன்று கல் வைத்து விறகு மூட்டி அங்கே குழம்பு வைக்கிறார். சாப்பிடுவதும் அங்கேயே. எனக்குக் கஞ்சியும் மட்டிப்பழமும் மட்டும் இறங்குகின்றன. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீரில் நாலைந்து தடவை கொப்பளிக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "தைரியமாக இரு. எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். எல்லாம் என் மனதில் என்றால், நேற்று இரவு முழுதும் அழுதேனே, அதில் நோய் வளர்ந்திருக்குமா? ஒரு உறவுக்காரர் மருந்தை நிறுத்திவிட்டு முள்ளுசீத்தா இலைக் கஷாயம் குடிக்கச் சொன்னார். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்றும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டில் இரவு ஏழு மணிக்குக் குடும்ப ஜெபமாலை. பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி; அதில் இரண்டு மாமியாருக்கு, மற்ற மூன்று பேருக்கும் ஒவ்வொன்று. இன்று என் முறை வந்தபோது நாக்கு எழும்பவில்லை. சொற்கள் தெரிகின்றன, மனம் அவற்றின்மேல் உட்கார மறுக்கிறது. மௌனம் நீண்டது. மாமியார் மணியை நகர்த்தாமலே, "உன் பத்தை நான் சொல்கிறேன் மக்களே, நீ பேசாமல் இரு" என்று தொடங்கிவிட்டார்.

டிசம்பர் 3, செவ்வாய்

கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கே விடுமுறை. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நாட்கள் என்பதால் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். திருமணமான நாள்முதல் இந்தத் தேரை நான் தவறவிட்டதில்லை. மாமியாரும் மகளும் என்னுடன் இருந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் போனார்.

இருட்டிய பிறகு திரும்பினார். அதிகம் பேசுகிற மனிதர் அல்ல. தேர் நன்றாக இருந்தது, கூட்டம் அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கொடியில் அவர் போட்ட வேட்டியை எடுத்தேன். முழங்கால் படுகிற இடத்தில் தெருமண் அப்பியிருந்தது. சட்டையின் இரண்டு முழங்கைகளும் அப்படியே. நெஞ்சுப் பகுதியில் உப்புக்கல் ஒன்று ஒட்டியிருந்தது. தேருக்குப் பின்னால் விழுந்து எழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்திருக்கிறார். இந்த மனிதர் ஆலயத்தில் எப்போதும் கடைசித் தூண் அருகே நிற்பவர். நான் கேட்கவில்லை. வேட்டியை இன்று துவைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

முடி சீப்பில் வரவில்லை, கையோடு வருகிறது. மதியம் மாமியார் திண்ணையில் உட்கார வைத்து மீதியை மழித்துவிட்டார். மகள் தன் சால்வையைக் கட்டிவிட்டாள். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

நேற்று இரவு காய்ச்சல் 101. 100.4-ஐத் தாண்டினால் நேரம் பார்க்காமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் ஆட்டோவை எடுத்தான். இப்போது மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன், நரம்பு வழியாக மருந்து போகிறது. காலையில் சுற்றி வந்த மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டேன். என் மனம் தளர்ந்தால் நோய் கூடுமா? அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே பதில் சொன்னார். "அழுவதால் கட்டி வளராது அம்மா. அழுகை வந்தால் அழுங்கள். மருந்தைத் தவறவிடாதீர்கள், சாப்பிடுங்கள், இப்படி உடனே வாருங்கள்."

ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை அந்த மனிதர் எடுத்து வெளியே வைத்துவிட்டார். நான் தைரியமாக இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை பெரிய விடுதலை இது! வீட்டில் மகள் தனியாகக் குடில் கட்டிக்கொண்டிருக்கிறாளாம், இடையன் ஒருவனுக்குக் கை உடைந்துவிட்டதாம். போனில் சொன்னாள்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். பக்கத்து வீட்டு முற்றத்தில் பானை பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டது. எங்களுக்கு இன்று தேவசகாயம் பிள்ளையின் நாளும்கூட. நட்டாலத்துக்காரர். 1752-இல் இதே ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்த வட்டாரமே வெடி வெடித்தது.

மாமியார் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சங்கிலியோடு நடத்திச் செல்லப்பட்ட தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் பாறையை இடித்தபோது ஊறிய நீர் என்பது எங்கள் விசுவாசம். கொதிக்காத தண்ணீர் எனக்கு ஆகாது. இது மாமியாருக்கும் தெரியும். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார். கொதி வரும்வரை கைகூப்பியபடி அடுப்பின் முன்னால் நின்றார். ஆற்றி, வடிகட்டி, என் உள்ளங்கையில் ஊற்றினார். குடித்தேன். பாறை மணம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் புகை மணம் இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

சிவப்பு மருந்து நான்கு தவணையும் ஜனவரியோடு முடிந்தது. இன்றுமுதல் வேறு மருந்து, வாரம் ஒன்று, மொத்தம் 12. ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருக்கிறது. பால்வெட்டுக்குப் போகிற என் வீட்டுக்காரருக்குக் கூலி இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் என்னோடு வர முடிகிறது. இதற்கு நன்றி சொல்வதா வருந்துவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்கிறேன்.

மார்ச் 12, புதன்

மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் நேற்று மாசிக் கொடை. பக்கத்து வீட்டு அக்கா இருமுடி கட்டிப் போய் வந்து, மண்டையப்பம் கொண்டுவந்து தந்தார். "உன் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன், உன் மாமியாருக்குச் சங்கடம் ஒன்றும் இல்லையே?" என்று தயங்கினார். மாமியார் அப்பத்தை இரண்டு கையாலும் வாங்கி, பிட்டு, முதல் துண்டை என் வாயில் வைத்தார். இனிப்பு தெரிந்தது! நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக நாக்கில் இனிப்பு இனிப்பாகவே தெரிந்தது.

மார்ச் 28, வெள்ளி

ஏழாவது ஊசி நேற்று. விரல்நுனிகள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மெல்லச் சரியாகும் என்கிறார்கள். இருபது வருடம் தையலில் வாழ்ந்த விரல்கள் இவை. நேற்று ஊசியில் நூல் கோக்க அரைமணி நேரம் முயன்றுவிட்டு, துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். மகள் கதவருகே நின்று பார்த்திருக்கிறாள்.

இன்று எழுந்து பார்த்தால், தையல் மேசைமேல் பழைய ஊசித் தலையணையில் பத்து ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. பத்திலும் நூல் கோத்து, முனையில் முடிச்சும் போட்டிருந்தாள். வெள்ளை நான்கு, கறுப்பு மூன்று, சீருடை நீலம் இரண்டு, சிவப்பு ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்குப் போகும் அவசரத்தில் இதை எப்போது செய்தாளோ. பாவாடை ஒன்றின் ஓரத்தை மடித்துத் தைத்தேன். தையல் கோணல். பிரிக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பதினொன்று முடிந்தது, இன்னும் ஒன்று. அதன்பின் கதிர்வீச்சு, அதன்பின் ஐந்து வருடமாவது மாத்திரை. தலையில் முடி பூனைக்குட்டியின் முடிபோல் முளைக்கிறது; மாமியார் போகும்போதும் வரும்போதும் தடவிப் பார்க்கிறார்.

ரப்பர் தளிர்த்து முற்றிவிட்டது. இந்த வாரம் பால்வெட்டு தொடங்கிவிட்டார்கள். அதிகாலை மூன்றரைக்கு அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினார். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் தோட்டம் முழுக்க இருட்டு, அவர் விளக்கு மட்டும் நகர்கிறது. ஒரு மரத்தில் நிற்கிறது, சிரட்டையைச் சரிசெய்கிறார், பட்டையைச் சீவுகிறார், அடுத்த மரத்துக்குப் போகிறது. 300 மரம் வெட்ட வேண்டும்.

எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை. விளக்கு ஒரு மரத்தில் நின்றால் ஒரு அருள் நிறைந்த மரியே. நகர்ந்து நின்றால் அடுத்தது. கையில் ஜெபமாலை இல்லை. இருந்தாலும் மரத்த விரலுக்கு மணி தெரியாது. அவருக்காகச் சொன்னேன், பாம்பு தீண்டாமல், கால் வழுக்காமல் திரும்பி வர. ஒரு ஜெபமாலைக்குரிய 53-ஐயும் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். 37-ஆவது மரம்வரை நினைவிருக்கிறது. மகள் காப்பியோடு வந்து எழுப்பியபோது நன்றாக விடிந்திருந்தது.