அப்பாவின் காற்றுத் துப்பாக்கிக் கட்டை

லைசன்ஸ் அப்பா பெயரில் (மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் அடக்கம்), தோளில் வைக்கும் மரக்கட்டையைப் புதுப்பிக்கும் வேலை மட்டும் என் தலையில். சுங்கை சிப்புட் வீட்டுப் பின்வாசலில் இரண்டு வாரமாக இதுதான் நடக்கிறது.

பழைய வார்னிஷைச் சுரண்டியதும் வெளிறிய பீச் (beech) மரம் தெரிந்தது. பள்ளங்களில் ஈரத்துணி வைத்து, சூடான அயர்ன் பெட்டியை அழுத்தினேன். நசுங்கிய நார்கள் நீராவியில் உப்பி மேலே வந்துவிட்டன. ஒரு வெட்டுக்காயம் மட்டும் அப்படியே நிற்கிறது. நார் அறுந்துபோனால் நீராவி ஒன்றும் செய்யாது. அப்புறம் 120, 240, 400 என்று படிப்படியாக நைசான மணல்தாள். நடுவில் ஈரத்துணியால் துடைத்து, எழுந்து நிற்கும் நார்களையும் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கை வைத்தால் சொரசொரக்கும்.

சாயம் பூசியதுதான் என் தப்பு. பீச் அதைச் சீராகக் குடிக்காது, திட்டுத் திட்டாகிவிட்டது. "ஏன்டா, சிறுத்தையா வளர்க்குற?" என்றார் அப்பா. சரி, மறுபடி மணல்தாள்.

இப்போது ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக. சாயங்காலம் மழை பெய்தால் மறுநாளும் கையில் ஒட்டுகிறது. ஒன்று, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் வேலியில் விரித்துக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, மழை வருகிறதென்று எடுத்து அழகாக மடித்து வைத்துவிட்டார்!